"பாவம்" எண்டு சொல்லிச் சொல்லியே பாக்கிறம்

போன கிழமை ஒரு ராத்திரி, களுவாஞ்சிகுடியில எங்கட வீட்டு விறாந்தையில அம்மா போனைக் கையில வெச்சுக்கொண்டு "ஐயோ பாவம், ஐயோ பாவம்" எண்டு சொல்லிட்டே இருந்தா. ஆரோ சொந்தக்காரருக்கு என்னவோ ஆகிப்போச்செண்டு பயந்து எட்டிப் பாத்தா, சிரிப்பு நடிகர் ரோபோ சங்கர்ர செத்த வீடு. அந்த மனிசன் மோசம் போனது 2025 செப்டம்பர் 18, வயசு 46தான். இப்பவும் அதே வீடியோவ வெட்டி வெட்டி வேற வேற தலைப்புல போடுறானுகள், சிவப்பு வட்டம், அம்புக்குறி, அழுற பொம்புளைர முகம் பெருசா. அம்மாக்கு ஒண்டு முடிய அடுத்தது தன்பாட்டில வருது. நான் எண்ணினன், பக்கத்தில வெச்ச பிளேன்டீ ஆறுறதுக்குள்ள ஏழு.

அதில கூட ஓடுறது எது தெரியுமா, அவர்ர மனைவி ஊர்வலத்தில ஆடினது. அதுக்குக் கீழ சனம் எழுதியிருக்கிறத வாசிச்சா வாயில வெச்ச தண்ணி இறங்காது. புருஷன் செத்துக் கிடக்க ஆட்டமாம், நடிப்பாம். அடேய், அந்த மனிசனுக்கு ரோபோ எண்ட பேரே உடம்பெல்லாம் சில்வர் பெயின்ட் பூசிக்கொண்டு ஊர் ஊரா மேடையில ரோபோ டான்ஸ் ஆடித்தான் வந்தது, மனிசியும் ஆடுறவதான், ஆடுறவ ஆடித்தானே வழியனுப்புவா. எங்கட பக்கம் செத்த வீட்டில பறை அடிக்கிறதில்லையா? அழுகை எந்த வடிவத்தில வரவேணும் எண்டு எவனோ ஒருத்தன் கேமராவுக்குப் பின்னால நிண்டு தீர்மானிக்கிறான், நாங்களும் கீழ போய் மார்க் போடுறம்.

இவர் 2023ல மஞ்சள் காமாலை வந்து மெலிஞ்ச நேரமும் இப்பிடித்தான். அந்த நோயாம், இந்த நோயாம், குடும்பத்தில பிரச்சினையாம் எண்டு ஆளுக்கொரு கதை. ஒரு ஆள் மெலிஞ்சா ஒரு வீடியோ, தேறினா ஒரு வீடியோ, செத்தா நூறு வீடியோ. யாவாரம் எண்டா இதுதான் யாவாரம், முதல் போடத் தேவையே இல்ல.

2025 ஏப்ரல்ல இன்னொரு நடிகர்ர கதை வந்தது. பேர் எழுத மாட்டன், எழுதினா நானும் அதையே செஞ்ச மாதிரித்தான். நல்ல நடிகன், ஆளே அடையாளம் தெரியாம மெலிஞ்சு, மனசு குழம்பின நிலையில இன்ஸ்டாகிராம்ல படம் போட்டுட்டு இருந்தார். அக்கறை எண்டு சொல்லிக்கொண்டு எத்தின சேனல், அவர தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாரையும் பிடிச்சு வெச்சு பேட்டி. கடைசியில குடும்பத்தாக்கள் அறிக்கை விட வேண்டிப் போச்சு, வைத்தியம் நடக்குது, வதந்தி பரப்பாதீங்க, அவரப்பத்தி பேட்டி எடுக்காதீங்க எண்டு. நோயாளிய வெச்சிருக்கிற வீட்டுக்காரன் ஆஸ்பத்திரிக்கு ஓடுறதா, இவனுகளுக்கு அறிக்கை எழுதுறதா?

சரி, முந்தியெல்லாம் நாகரிகமா இருந்த எண்டு நான் சொல்ல வரல்ல. அம்மப்பாக்கு அந்தக் காலப் பாட்டு நடிகர் தியாகராஜ பாகவதர் எண்டா உசிர், அவர்ர கதை சொல்லத் தொடங்கினா சோறு ஆறிரும். அவர் நடிச்சு 1944ல வந்த ஹரிதாஸ் சென்னையில மூண்டு தீபாவளி கண்ட படம். அந்தக் காலத்திலயே லட்சுமிகாந்தன் எண்டொருத்தன் நடிகமார்ர அந்தரங்கத்த எழுதி எழுதியே பத்திரிகை வித்தவன். அந்த வருஷம் நவம்பர்ல அவனக் குத்திக் கொன்டுட்டாங்க, மறுகா அந்தக் கொலை வழக்கில பாகவதரும் சிரிப்பு நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகி, ஆயுள் தண்டனை தீர்ப்பாகி, 1947ல விடுதலையாகி வெளிய வந்தாங்க. குற்றமில்லை எண்டு வந்தாலும் பாகவதருக்குப் பழைய காலம் திரும்பி வரல்ல. ஆனா ஒண்டு, அண்டைக்கு அந்த மஞ்சள் பத்திரிகைய காசு குடுத்து, ஒளிச்சு வெச்சுத்தான் வாசிக்கணும். வெக்கம் எண்டு ஒரு சாமான் இருந்த. இப்ப விறாந்தையில இருந்து சத்தமா பாக்கிறம், பிள்ளையளும் பக்கத்தில இருக்குதுகள்.

2025 நவம்பர்ல நடிகை கௌரி கிஷன்ட படப் பத்திரிகையாளர் சந்திப்பில நடந்ததும் ஞாபகம் இருக்கும். ஹீரோ அவவத் தூக்கினாராம், அவட வெயிட் என்னெண்டு ஒரு யூடியூப்காரன்ட கேள்வி. அந்தப் புள்ள எழும்பி நேரா முகத்துக்குக் கேட்டா, எனக்கு அது பிடிச்சது. பிடிக்காதது பக்கத்தில இருந்த ஆம்புளையள் வாய் திறக்காம இருந்தது.

இதெல்லாம் எழுதிட்டு நான் நல்லவன் மாதிரிப் போகக் கூடாது. விஜயகாந்த் நாக்குக் குழறிக் கதைக்கிறத வெச்சு மீம் வந்த காலம், எங்கட பெடியன்மார்ர வாட்ஸப் குரூப்புக்கு அதக் கொண்டு வந்து போட்டவன் நான்தான், சிரிச்சதும் நான்தான். நோய் எண்டு தெரியும், தெரிஞ்சும்தான். 2023 டிசம்பர் நடுவில கட்சிப் பொதுக்குழுவுக்கு அவர வீல்செயார்ல கொண்டு வந்த வீடியோவ பாத்த நேரம் எனக்கு வயித்துக்க என்னமோ செஞ்சது. ரெண்டு கிழமையில, 28ம் திகதி, ஆள் போயிட்டார். அண்டைக்கு அதே குரூப்ல எல்லாரும் கேப்டன் எண்டு ஸ்டேட்டஸ். நானும் வெச்சன். பழைய மீம் குரூப்ல மேல தேடினா இன்னும் கிடக்கும்.

சென்னைக்காரனுகள மட்டும் ஏசி என்ன வரப்போகுது, இந்தப் பழக்கம் எங்கட ஊருக்கும் வந்துட்டு. ரெண்டு வருஷத்துக்கு முந்தி எங்கட பக்கம் ஒரு இளம் பெடியன் செத்த வீடு. எப்பிடிச் செத்தானெண்டு எழுத மாட்டன். தாய்க்குச் சொல்ல முந்தியே ஒரு பேஸ்புக் பக்கத்தில படத்தோட வந்துட்டு, எப்பிடிச் செத்ததெண்டும் தலைப்பிலயே போட்டிருந்தான். அடுத்த நாள் தகரக் கொட்டிலுக்க வாடகைக் கதிரையில ஏறி நிண்டு ஒருத்தன் லைவ் போடுறான், தாய் மயங்கி விழ போன் அந்தப் பக்கம் திரும்புது. வெத்திலைத் தட்டோட இருந்த ஒரு வயசாளி எழும்பிப் போய் அவன்ட கைய மெல்லமாப் பிடிச்சு, "தம்பி, இறங்கி வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" எண்டார். வேற ஒண்டும் சொல்லல்ல. பெடியன் இறங்கிட்டான், தேத்தண்ணியும் குடிச்சான், கண்ண நிமித்தவே இல்ல.

யூடியூப்ல அப்பிடிக் கைய ஆர் பிடிக்கிறது? அம்மாட போன எடுத்து அந்த மாதிரி வீடியோ வந்தா 'வேணாம்' எண்டு அமத்தி அமத்தி விட்டன். ரெண்டு நாள் வரல்ல. மூணாம் நாள் விடிய எழும்பி வந்தா மறுகாவும் அதே சத்தம் விறாந்தையில. "என்னம்மா, திரும்பவும் தொடங்கிட்டீங்களா" எண்டன். அம்மா கண்ணாடியக் கழட்டிச் சீலைத் தலைப்பால துடைச்சுட்டு என்னப் பாத்தா.

"அந்தப் பொம்புளைக்கு இப்ப ஆர் மனே துணைக்கு இருக்கிற?"

தெரியாம்மா எண்டன்.