பனித்தட்டு மோதலால் கொழும்புக்குச் சுனாமி வராது

"ஆர்க்டிக்கில் பனித்தட்டுகள் மோதி மலை எழும்புது, காலிமுகத்திடலுக்குச் சுனாமி வரப்போகுது" என்று வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. பிழையான தகவல்.

மோதல் உண்மைதான். காற்றும் நீரோட்டமும் கடலில் மிதக்கும் பனித்தட்டுகளை மெதுவாக நெருக்கும். மெல்லிய பனி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சிலவேளை, கோத்த கைவிரல்கள் போல மாறி மாறி மேலும் கீழும் செருகும். தடித்த பனி வளைந்து முறிந்து பாளம் பாளமாகக் குவியும். வீடியோவில் 'மலை' என்று காட்டுவது அந்தக் குவியலின் தலையை மட்டுமே. நீருக்குக் கீழே அதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு ஆழம் இருக்கும்.

சுனாமிக்குப் பெரும் நீர்த்திரள் சடுதியாகத் தள்ளப்பட வேண்டும்; 2004இல் சுமாத்திரா அருகே கடலடித்தளமே அசைந்து அப்படித் தள்ளியது. மேற்பரப்பில் மிதக்கும் பனி நொறுங்குவதால் அது நடக்காது.

சந்தேகமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துக் கேளுங்கள். வீடியோவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.