கரடிக்கு ஏற்ற குண்டை எடு, மான் அதற்குள் அடங்கும்

போன மாதம் பிட்ஸ்பர்க்கிலிருந்து தம்பி ஒருவன் கூப்பிட்டான். இந்த வருடம் முதல்முறையாக ரிவால்வரோடு வேட்டைக்குப் போகப் போகிறானாம். "அண்ணே, 44 மேக்னம் வாங்கட்டுமா, 454 கசூல் வாங்கட்டுமா?" அரை மணி நேரம் பேசினோம். இருபத்தைந்து நிமிடம் துப்பாக்கிதான்: பேரல் நீளம், கைப்பிடி, ஸ்கோப், விலை. குண்டைப் பற்றி ஒரே வரி. "கடையில எது இருக்கோ அதை எடுத்துக்கிறேன்ணே." அதைக் கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் ஒன்பது வருடத்துக்கு முன் நானும் அச்சு அசல் இதையேதான் சொன்னேன்.

(வேட்டை என்றதும் முகம் சுளிப்பவர்கள் இதோடு விலகிக்கொள்ளலாம், கோபமில்லை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்தப் பேச்சு முடிந்தது. நான் சொல்வது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கதை. இங்கே பயிற்சி வகுப்பு முடித்து, உரிமம் எடுத்து, கரடிக்கென்று தனி உரிமமும் எடுத்து, 250 சதுர அங்குலம் ஆரஞ்சுத் துணி மாட்டிக்கொண்டுதான் காட்டுக்குள் போக முடியும். 2019இல் மட்டும் இந்த மாநிலத்தில் 4,653 கருங்கரடிகள் வேட்டையாடப்பட்டன. அதுதான் இங்கே இதுவரை அதிகம்.)

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடுகிறேன். நாம் தோட்டா என்று சொல்வது பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருளை. பறந்து போய் மிருகத்தின் உடம்பில் வேலை செய்வது அதன் முனையில் இருக்கும் குண்டு மட்டும். 44 மேக்னம் என்பது தோட்டாவின் பெயர். அதற்குள் 180 கிரெய்ன் குண்டும் இருக்கலாம், 300 கிரெய்ன் குண்டும் இருக்கலாம் (கிரெய்ன் என்பது குண்டின் எடையளவு). பெட்டிமேல் போட்டிருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

ரைஃபிள்காரர்களுக்கு இதில் கொஞ்சம் சலுகை உண்டு. 30-06 ரைஃபிள் குண்டு நொடிக்கு ஏறக்குறைய 2,800 அடி வேகத்தில் கிளம்புகிறது. அந்த வேகத்தில் குண்டு தொடாத தசையும் கிழிந்துபோகும். ரிவால்வரில் அந்த வித்தை நடக்காது. 44 மேக்னத்தின் வழக்கமான 240 கிரெய்ன் குண்டு, அதாவது பதினைந்தரை கிராம், 1,350 அடி வேகத்தில்தான் கிளம்பும். 100 கெஜம் போவதற்குள் ஆயிரத்துச் சொச்சமாகிவிடும். இந்த வேகத்தில் தசை ரப்பர் போல விரிந்து பழையபடி சுருங்கிக்கொள்ளும். மிஞ்சுவது குண்டு தானே துளைத்த ஓட்டை. ஆகவே கேள்வி இரண்டுதான். ஓட்டை எவ்வளவு அகலம்? எவ்வளவு ஆழம்? ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். மற்றதெல்லாம் விளம்பரம்.

என் கதைக்கு வருகிறேன். கடையில் கேட்டபோது 180 கிரெய்ன் ஹாலோ பாயின்ட் பெட்டியை நீட்டினார்கள். முனையில் குழி இருக்கும், பட்டதும் பூப்போல விரியும், "மான் அங்கேயே விழும்" என்றார்கள். லேசான குண்டு என்பதால் சுடும்போது கையில் விழும் உதையும் குறைவு. எனக்கு ஒரே சந்தோஷம். டிசம்பர் முதல் வாரம், 35 கெஜத்தில் ஒரு வெண்வால் மான், என்னை நோக்கிச் சாய்ந்த மாதிரி நின்றது. அந்தக் கோணத்தில் நுரையீரலுக்குப் போக வேண்டுமானால் தோள் எலும்பைத் தாண்டித்தான் போக வேண்டும். யோசிக்காமல் சுட்டுவிட்டேன்.

மான் ஓடியது. முதல் இருபது அடிக்கு ரத்தம் சொட்டுச் சொட்டாக இருந்தது, அப்புறம் ஒன்றுமே இல்லை. டார்ச் வைத்துக்கொண்டு இரவு பத்து மணி வரை நானும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் இலைக் குப்பையைக் கிளறினோம். மறுநாள் காலையில்தான் கிடைத்தது, அதுவும் கயோட்டி என்ற காட்டுநாய்கள் தின்றது போக. அறுத்துப் பார்த்தால் குண்டு படத்தில் காட்டியது போலவே அழகாக விரிந்திருந்தது, ஆனால் தோள்பட்டை எலும்புக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. ஒரே ஒரு துணுக்குதான் நுரையீரலைத் தொட்டிருந்தது. பெரியவர் அதைக் கத்தி முனையால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

குண்டு மேல் தப்பில்லை. அது வேகமாக விரியவே செய்யப்பட்டது, விரிந்தது. லேசானது என்பதால் விரிந்த பிறகு தள்ளிக்கொண்டு போக அதனிடம் பாரம் இல்லை. கோணத்தைப் பார்க்காமல் சுட்டதும், எதையும் கேட்காமல் பெட்டியை வாங்கியதும் நான்.

மானுக்கு மட்டும் என்றால் விஷயம் அவ்வளவு சிக்கலில்லை. பக்கவாட்டில் நிற்கும் மானின் மார்பு அப்படியொன்றும் தடிமன் இல்லை. 44இல் முனையில் ஈயம் திறந்திருக்கும் 240 கிரெய்ன் சாஃப்ட் பாயின்டோ, ஹார்னடி கம்பெனியின் எக்ஸ்டிபி மாதிரி நிதானமாக விரியும் ஹாலோ பாயின்டோ போட்டு விலாவுக்குள் வைத்தால் போதும். 357 மேக்னம் வைத்திருப்பவர்கள் 158 கிரெய்னுக்குக் கீழே இறங்க வேண்டாம். 125 கிரெய்ன் குண்டுகள் தற்காப்புக்கென்று செய்தவை, மானின் தோளுக்கு அல்ல. 357ஐ வைத்துக்கொண்டு கரடியைத் தேடிப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். போய் அடித்தவர்கள் இருக்கிறார்கள், தெரியும். இருந்தாலும் மாட்டேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விரியும் குண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வேக எல்லை உண்டு. அதற்குக் கீழே போனால் விரியாது, மேலே போனால் சிதறும். 454 கசூலும் 45 கோல்ட்டும் ஒரே விட்டமுள்ள குண்டைத்தான் எடுக்கும். 45 கோல்ட்டின் நிதான வேகத்துக்குச் செய்த குண்டை 454இல் போட்டு முழு மருந்தில் விட்டால் கிட்டத்தில் அது உடைந்துபோகும். ஈயத்துக்கு மேல் தடித்த செம்பு உறை போட்டு எக்ஸ்டிபி மேக் என்று தனியாக ஒன்றை ஹார்னடி கொண்டுவந்ததே இதனால்தான். தம்பி 454 கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான்.

கரடி வேறு சமாசாரம். பென்சில்வேனியாவில் 800 பவுண்டைத் தாண்டிய கருங்கரடிகள்கூடப் பதிவாகியிருக்கின்றன. நாம் பார்க்கப்போவது பெரும்பாலும் அதில் கால்வாசி, அரைவாசிதான், ஆனாலும் உடம்பின் கட்டு வேறு. நவம்பரில் குளிர்காலத் தூக்கத்துக்காகத் தின்று தின்று தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும். முன்னங்கால் தசை மரம் மாதிரி இருக்கும். குண்டு உள்ளே போன ஓட்டையைக் கொழுப்பு அடைத்துவிடும், கசிகிற ரத்தத்தை ரோமம் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். சரியாகச் சுட்டும் ரத்தத் தடம் இல்லாமல் மலைலாரல் புதருக்குள் கரடியைத் தேடுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் கரடிக்கு இரண்டு ஓட்டை வேண்டும். குண்டு மறுபக்கம் வெளியே வந்தே ஆக வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ரோமம் இன்னொரு ஏமாற்று வேலையும் செய்யும். வயிற்றுக்குக் கீழே தொங்கும் முடியையும் உடம்பென்று நினைத்துக் குறிவைத்தால் குண்டு தாழ்வாகப் போய்விடும்.

மறுபக்கம் வரும் குண்டு என்றால் நான் நம்புவது ஹார்ட் காஸ்ட். ஈயத்தோடு ஆன்டிமனியும் கொஞ்சம் வெள்ளீயமும் கலந்து வார்த்தது, முனை தட்டையானது. புதுச் சரக்கு ஒன்றுமில்லை. ஐடஹோவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த எல்மர் கீத் 44 ஸ்பெஷல் என்ற பழைய தோட்டாவில் கனமான மருந்து போட்டு, 250 கிரெய்ன் தட்டைமுனை வார்ப்புக் குண்டோடு பல வருடம் மல்லுக்கட்டியதன் தொடர்ச்சியாகத்தான் 1955இல் 44 மேக்னமே வந்தது. இது விரியாது. ஆனால் முனை தட்டை என்பதால் தசையை ஒதுக்கிவிட்டு வழுக்கிப் போகாமல் வெட்டிக்கொண்டு போகும். உருண்டை முனைக் குண்டு அப்படிச் செய்யாது. வெளித்தோற்றத்துக்கு இரண்டும் ஈயக் கட்டிதான், வேலை மட்டும் வேறு வேறு.

அதற்காகக் கல் மாதிரி இருப்பதுதான் நல்லது என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு மீறிக் கடினமாக்கினால் பெரிய எலும்பில் பட்டு நொறுங்கும். விட்டமும் சரியாக உட்கார வேண்டும். 44 என்று பெயரே தவிர, உறை போட்ட குண்டின் விட்டம் 0.429 அல்லது 0.430 அங்குலம்தான். வார்ப்புக் குண்டு உங்கள் ரிவால்வரின் தோட்டா அறை வாய்க்குப் பொருந்தாவிட்டால் பேரல் முழுக்க ஈயம் அப்பிக்கொள்ளும், குறியும் போய்விடும்.

சட்டத்திலும் இதற்கு இடைஞ்சல் இல்லை. முழுக்க ஈயமாக இருக்க வேண்டும், அல்லது பட்டதும் விரியும்படி செய்ததாக இருக்க வேண்டும் என்பது இங்கே பெருவேட்டைக்கான விதி. முழு உறை போட்ட பயிற்சிக் குண்டு ஆகாது.

ஈயமே வேண்டாம் என்பவர்களுக்குச் செம்புக் குண்டு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது, அங்கே வேறு வழியில்லை. விரிந்தாலும் எடை இழக்காது, நல்ல ஆழம் போகும். செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகி மருந்துக்கான இடத்தைத் தின்றுவிடும், அதனால் கொஞ்சம் எடை குறைந்ததாகத்தான் எடுக்க வேண்டும். விலையைக் கேட்டால் கரடியே ஓடிவிடும்.

இப்போது தம்பியின் உண்மையான பிரச்சினை. இங்கே சில பகுதிகளில் மான் பருவமும் கரடிப் பருவமும் ஒரே நாட்களில் வரும். காலையில் ஆறு அறையையும் நிரப்பும்போது எது முன்னால் வரப்போகிறது என்று தெரியாது. முதல் அறையில் ஹாலோ பாயின்ட், அடுத்ததில் ஹார்ட் காஸ்ட் என்று கலந்து போடுபவர்கள் உண்டு. கனமும் வேகமும் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். கனமான, மெதுவான குண்டு ரிவால்வரில் பெரும்பாலும் மேலே அடிக்கும், பேரலை விட்டுக் கிளம்புவதற்குள் உதையில் பேரல் தூக்கிவிடுவதால். இந்தக் கணக்கையெல்லாம் கரடி எதிரில் நிற்கும்போது யார் போடுவது?

அதனால் கரடிக்கு எது வேண்டுமோ அதையே ஆறு அறையிலும் போடு என்றேன். 250 கிரெய்ன் தட்டைமுனை ஹார்ட் காஸ்ட், 1,200 அடி வேகம், 50 கெஜத்துக்குள். மானுக்கும் அதுவே. என் நண்பர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், விரியாத குண்டு பட்ட மான் இன்னும் கொஞ்சம் தூரம் ஓடும் என்பார்கள். ஓடும்தான். என் அனுபவத்தில் அறுபது, எழுபது கெஜம். ஆனால் இரண்டு பக்கமும் ரத்தம் கொட்டிக்கொண்டு ஓடும், தேடிப் பிடிக்கலாம். கறியும் அதிகம் வீணாகாது. அன்றைக்கு என் 180 கிரெய்ன் செய்ததைவிட எவ்வளவோ மேல்.

"அப்போ 454?" என்று விடாமல் கேட்டான். முதல் உதையிலேயே கண்ணை மூடப் பழகிவிடுவாய், அப்புறம் எந்தக் குண்டு போட்டும் பிரயோஜனமில்லை என்றேன்.

பழைய 44 ஒன்றை வாங்கிவிட்டான். நேற்று ஒரு படம் அனுப்பினான். 25 கெஜத்தில் ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு, ஆறில் நான்கு உள்ளே, ஒன்று விளிம்பில், ஒன்றைக் காணோம். "50 கெஜம் எப்பண்ணே?" என்று கேட்டிருந்தான். ஆறும் உள்ளே விழட்டும் என்று பதில் போட்டிருக்கிறேன்.