கூச்சக்காரர்களுக்கு மட்டுமா பகல் கனவு?

அண்ணாச்சி, பகல் கனவு காண்பதெல்லாம் கூச்சக்காரர்கள்தான், கலகலப்பாகப் பேசுகிறவர்களுக்குக் கற்பனையே கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள், அது தப்பு. ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பார்க்கும் உளவியல் முறையில் கற்பனை வளம் புதியதற்கு மனம் திறந்திருக்கும் பண்போடு சேர்ந்தது. கலகலப்பு வேறு கணக்கு, ஒரே ஆளிடம் இரண்டும் தூக்கலாக இருக்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் சிங்கர் பகல் கனவையே மூன்று விதமாகப் பிரித்தார்: ரசித்துத் திட்டம் போடுவது, குற்ற உணர்விலும் பயத்திலும் உழல்வது, அப்புறம் கவனம் நிற்காமல் சும்மா அலைவது. 2010-ல் வந்த ஹார்வர்டு ஆய்வில் சுமார் 2,250 பேரை மனம் எதில் இருக்கிறது என்று அவ்வப்போது கேட்டபோது, ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனம் கையிலிருந்த வேலையில் இல்லை. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாய் ஓயாத என் மாமா, குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்துவிட்டால் நாலு தடவை கூப்பிட வேண்டும்.