12½ அங்குலம் என்றால் 12½ அங்குலம்தான்

ஊரில் தையல் மெசின் வைத்திருக்கிற பெண் ஒருத்தி இருந்தால் போதும், மற்ற எல்லாருக்கும் யோசனை வரத் தொடங்கிவிடும்.

எங்கள் மிட்வைஃப் மிஸ் ஓய்வு பெறப்போகிறார். முல்லைத்தீவு மாவட்டத்தில் மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்தில் அவர் கைபடாத பிள்ளை குறைவு. முதலில் சைக்கிளில் வந்தார், பிறகு ஸ்கூட்டியில் வந்தார். பிள்ளையின் நிறை பார்ப்பார், திரிபோஷச் சத்துமா ஒழுங்காகக் கொடுக்கிறாயா என்று அதட்டுவார், ஊசிக்குப் பயந்து கிளினிக் பக்கமே வராத தாய்மாரை வீடு தேடிப் போய்ப் பிடிப்பார். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு தங்கச்சி எழும்பி, "மிஸ் பாத்த தாய்மார் எல்லாரும் ஆளுக்கொரு துண்டு தைச்சுத் தந்தால், எல்லாத்தையும் பொருத்தி ஒரு பெரிய போர்வையாக் குடுக்கலாம்" என்றது. ஒரே கைதட்டல். நல்ல யோசனைதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'பொருத்தி' என்றதும் ஏன் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது?

சரி, ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட அன்றே எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னேன். மொத்தம் 30 துண்டு. குறுக்கே 5, நீளத்துக்கு 6. ஒவ்வொரு துண்டும் முடிந்து என் கைக்கு வரும்போது 12½ அங்குலச் சதுரம். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும், வெளியே 12 தெரியும். பருத்தித் துணி மட்டும். வெட்டுவதற்கு முன்பே துவைத்துக் காயவைத்து அயன் பண்ண வேண்டும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டையில் சதுரம் வெட்டியே கொடுத்தேன். தூரத்தில் இருப்பவர்களுக்குப் படம் வரைந்து போனில் அனுப்பினேன். வொயிசிலும் சொன்னேன். இதற்கு மேல் ஒரு மனுசி என்னதான் செய்வது? எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அந்தக் கட்டைவிரல்களை நம்பினேன்.

முதலாவது பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் அழகான ஒரு மயில். கழுத்துக்கு நீலம், தோகைக்குப் பச்சை நூல் வேலை, கண்ணுக்குச் சின்ன மணி. அளவு? 12½ சென்ரிமீற்றர்! தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கலாம். போன் எடுத்துக் கேட்டால், "அடிமட்டத்தில 12½ எண்டுதானே அக்கா பாத்தனான்" என்கிறது பிள்ளை. அடிமட்டத்தில் இரண்டு கரை இருக்கிறது தங்கச்சி. அங்குலம் மற்றக் கரையில் இருக்கிறது.

லண்டனில் இருந்து ஒரு அன்ரி. நான் அனுப்பிய படத்தைத் தாளில் அச்செடுத்து, அந்தத் தாளையே துணியின் மேல் வைத்து வெட்டியிருக்கிறார். ஏ4 தாளின் நீளமே 11.7 அங்குலம், அகலம் 8.3. அதற்குள் 12½ அங்குலச் சதுரம் எப்படி அடங்கும்? பிரிண்டர் தன் பாட்டில் படத்தைச் சுருக்கித் தாளுக்குள் அடக்கியிருக்கிறது. படத்தின் ஓரத்தில் '12½ அங்குலம்' என்று கொட்டை எழுத்தில் எழுதித்தான் விட்டேன். அந்த எழுத்தும் சேர்ந்து சுருங்கியதே தவிர அன்ரிக்குச் சந்தேகம் வரவில்லை. 8 அங்குலத் துண்டு ஒன்று விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, மாங்குளம் சந்தி வரை பஸ்ஸில் வந்து சேர்ந்திருக்கிறது.

தையலே தெரியாதவர்கள் பிழைவிட்டால் மன்னிக்கலாம். என்னைக் கொதிக்க வைத்தது தையல் தெரிந்தவர்கள்தான். பிளவுஸ் தைத்துப் பழகிய கை அரை அங்குலம் விட்டுத்தான் தைக்கும், பிறகு இறுக்கினால் பிரித்துவிட வேண்டுமே. ஆனால் இந்த வேலைக்குக் கால் அங்குலம்தான். ஒன்பது சதுரம் சேர்த்து ஒரு துண்டு செய்கிறீர்கள் என்று வையுங்கோ. ஒவ்வொன்றும் 4½ அங்குலம் வெட்டி, கால் அங்குலத்தில் தைத்தால் சரியாக 12½ வரும். அதையே அரை அங்குலத்தில் தைத்தால் ஒரு தையலுக்கு அரை அங்குலம் குறையும். குறுக்கே இரண்டு தையல். ஆக, துண்டு 11½ இல் வந்து நிற்கும். ஒரு முழு அங்குலம் காணாமல் போய்விட்டது! இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு ரீச்சர் தேவையில்லை, தைத்து முடிந்ததும் ஒருதரம் அளந்து பார்த்தால் போதும். மெசினில் ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு துண்டு ரேப் ஒட்டி, துணியின் கரையை அதோடு அணைத்துத் தையுங்கோ என்று இதற்காகத்தான் படித்துப் படித்துச் சொன்னேன். "நாங்கள் இருவது வருசமாத் தைக்கிறம், எங்களுக்குச் சொல்லித் தாறாவாம்" என்று ஒருவர் வேறு ஒருவரிடம் சொன்னது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஊர்தானே, எல்லாம் வந்து சேரும்.

பிறகு துணி. பருத்தி என்றேன். ஜோர்ஜெட் வந்தது, நைலெக்ஸ் வந்தது, மினுங்கல் சங்கி வைத்த பாவாடைத் துணி வந்தது. ரீசேட் துணியில் வந்த ஒன்று, மெசினுக்குக் கீழே வைத்தால் வாழைப்பூ மடல் மாதிரிச் சுருண்டுகொள்கிறது. சூட்டைக் கொஞ்சம் கூட்டி அயன் பிடித்தால் பாதித் துணி உருகும், சூட்டைக் குறைத்தால் மற்றப் பாதி மடிப்பே விடாது. ஒருவர் பேரக்குழந்தையின் பெயரை எழுத்து எழுத்தாக வெட்டிப் பசையால் ஒட்டி அனுப்பியிருக்கிறார். ஒட்டி! முதல் தண்ணீரிலேயே அந்தப் பிள்ளைக்குப் பெயர் இருக்காது.

அப்புறம் அந்தச் சிவப்பு. துவைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். "ஓம் அக்கா, ரெண்டுதரம்" என்று பதில். வெள்ளைப் பேசினில் கொஞ்ச நேரம் ஊறவைத்தேன், தண்ணீர் நன்னாரி சர்பத் நிறத்துக்கு வந்துவிட்டது. அதை அப்படியே பொருத்தியிருந்தால் மிஸ் முதல்தரம் போர்வையைத் துவைக்கிற அன்று பக்கத்தில் இருக்கிற வெள்ளைத் துண்டுகள் அத்தனையும் ரோசாவாகியிருக்கும். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். போகிற சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. மேலே நிற்கிற சாயம் போகும்வரை அலசத்தான் வேண்டும். யார் அலசுகிறது? நான்தான்.

முன்கூட்டியே துவைக்காத துணியின் கூத்து வேறு. நூற்றுக்கு 3 பங்கு சுருங்கினாலே 12 அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு அங்குலம் போய்விடும். ஒரு துண்டு சுருங்கும், பக்கத்துத் துண்டு சுருங்காது, நடுவில் தையல் கோணிக்கொண்டு நிற்கும்.

இதையெல்லாம் ஒவ்வொருவரிடமும் பதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாரிடமும் ஒரே மறுமொழிதான். "அன்பாச் செய்தது அக்கா, அளவைப் பாக்காதேங்கோ."

இந்த வசனத்தைக் கேட்டால்தான் எனக்கு உச்சியில் ஏறுகிறது. அன்பாகச் செய்ததை நான் அன்பாகப் பொருத்தினால் அது பொருந்திவிடுமா? இது தனித்தனியாகச் சுவரில் மாட்டுகிற படம் இல்லை. உங்கள் துண்டின் கரையில்தான் பக்கத்துத் துண்டின் கரை சேர வேண்டும். ஒன்று குறைந்தால் அந்த வரி முழுதும் இழுபடும். வரி இழுபட்டால் அதற்குக் கீழ் வரி பொருந்தாது. சொன்ன அளவுக்கு ஒழுங்காகத் தைத்து அனுப்பியவரின் துண்டும் சேர்ந்து கோணலாகும். அவருடையது மட்டும் அன்பில்லையா?

அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக ஒரு ஞாபகப் போர்வை செய்தார்களே, 1987 இல் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. தாய்மாரும் துணைவர்களும் நண்பர்களும் தைத்தவை. செத்த வீட்டுத் துக்கத்தோடு தைத்தவை. அந்தத் துண்டுகளுக்கும் அளவு இருந்தது, 3 அடிக்கு 6 அடி. எட்டுத் துண்டைச் சேர்த்தால் 12 அடிச் சதுரம். அளவு இருந்தபடியால்தான் ஒருவரை ஒருவர் தெரியாத சனங்கள் தைத்தவை ஒன்றாகப் பொருந்தின. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களால் அளவெடுக்க முடிந்திருக்கிறது. உங்களுக்கு மட்டும் ஏலாதாம்.

அந்தக் கதை ஏன், ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிற ஒரு அம்மாவின் துண்டைச் சொல்கிறேன். பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருந்தார், பழைய பேப்பரில் சுற்றி. வீட்டில் மெசின் இல்லை. 2009 இல் போரால் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமில் மகளுக்கு ஏணை கட்டிய பருத்திச் சேலையில் இருந்து வெட்டியது. தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற துணி. அது தாங்காது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது, பின்பக்கம் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை வைத்துப் பொடிப்பொடியாக ஓட்டுத்தையல் போட்டுச் சேர்த்திருந்தார். திருப்பிப் பார்த்தேன். நாலு பக்கமும் பென்சிலால் கால் அங்குலக் கோடு. நாடாவை வைத்தேன், 12½. மற்றப் பக்கமும் வைத்தேன், 12½. மூலைக்கு மூலை குறுக்கே வைத்துப் பார்த்தேன், இரண்டும் ஒரே நீளம், கோணலே இல்லை. நான் கொடுத்த மட்டையை வைத்து வெட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அந்த மட்டையையும் மடங்காமல் திருப்பி அனுப்பியிருந்தார்! கடையில் மீற்றர் கணக்கில் துணி வாங்கி, மூன்று விதமான கத்தரிக்கோல் வைத்திருக்கிறவர்கள் இனி என்னிடம் அளவு கஷ்டம் என்று கதைக்க வரவேண்டாம்.

இப்போது என் மேசையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கோ. அளவு கூடியதை வெட்டலாம்தான். ஆனால் வெட்டினால் நட்சத்திரத்தின் முனை போகும், இல்லாவிட்டால் யாராவது பெயரின் கடைசி எழுத்துப் போகும். பிறகு அதற்கு ஒரு மனத்தாங்கல். குறைந்ததற்குச் சுற்றிவரச் சட்டம் போல வேறு துணி வைத்து 12½ க்குக் கொண்டுவர வேண்டும். எல்லாத் துண்டுக்கும் இடையிலும் வெளிச்சுற்றிலும் 2 அங்குலப் பட்டி ஓடவிடுவது என்று முடிவெடுத்தேன், சின்னச் சின்ன வித்தியாசம் கண்ணில் குத்தாது. சும்மா 60 க்கு 72 ஆக முடிந்திருக்க வேண்டிய போர்வை, இதனால் 72 க்கு 86 அங்குலமாகிவிட்டது. அந்தப் பட்டித் துணி யாருடைய காசு? பின்பக்கத்துக்கு 45 அங்குல அகலத் துணியில் 5 யார் நீளம் வேண்டும், அது யாருடைய காசு? கரை மடிக்கிற நாடா மட்டும் 26 அடிக்கு மேல். நூல், ஊசி, கரண்ட் பில்? "எல்லாரும் சேந்து செய்யிறம்" என்று வாய் நிறையச் சொல்கிறோமே, துண்டை அனுப்பிவிட்டவர் தன் வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்.

வெய்யிலுக்கு யன்னலைத் திறந்தால் கிறவல் ரோட்டுத் தூசி வெள்ளைத் துணியில் படிகிறது. யன்னலைச் சாத்தினால் அவிகிறது. பிரித்துத் தைக்கிற துண்டுகளில் ஊசி போன ஓட்டை வேறு தெரிகிறது. கண்ணும் நாரியும் போய்விட்டன. இதற்குள் போன் அடிக்கிறது, "என்ரை துண்டு எந்த இடத்தில வருது அக்கா? நடுவில வையுங்கோ என்ன." எல்லாருக்கும் நடுவிடம் வேண்டும். குறுக்கே ஐந்து, நீளத்துக்கு ஆறு என்றால் சரி நடுவில் ஒரு பட்டிதான் இருக்கும், துண்டே இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கோ.

இதைவிட மோசமானவர்கள் இன்னும் அனுப்பாதவர்கள். "நாளைக்குப் பஸ்ஸில குடுத்துவிடுறன்" என்பது ஒரு சாட்டு. "மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து நிக்கினம்" என்பது இன்னொன்று. விதைப்புக் காலம், வெட்டுக் காலம், கோயில் திருவிழா எல்லாம் எனக்கும் இருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருந்தபோது மிஸ் உங்களிடம் நாளைக்கு வாறேன் என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் வரை பார்ப்பேன். அதற்குள் வராத துண்டின் இடத்துக்கு வெறும் வெள்ளைத் துணி வைத்துத் தைத்துவிடுவேன், மிஸ் கேட்டால் யாருடைய இடம் என்றும் சொல்லுவேன். சாயம் போகிறதும் உருகுகிறதும் திரும்பி வரும், பஸ் காசு உங்கள் பாடு. அரை அங்குலத்தில் தைத்த இருவது வருசக்காரர் வீட்டுக்கு வரலாம், நூல் பிரிக்கிற கத்தி இரண்டு வைத்திருக்கிறேன், தேத்தண்ணியும் தருவேன், ஆனால் பிரிப்பது அவர்தான். மயில் பிள்ளை, உன்னுடையதைப் பெரிய துணியில் பதித்துத் தைக்கிறேன், கவலைப்படாதே. லண்டன் அன்ரி, உங்களுடையது ஓரத்தில்தான். நடுவைப் பற்றிக் கேட்க வேண்டாம்.