லைன் சர்ச் தோற்றுவிட்டதாம்!

ஒரு சார்பின் மிகக் குறைந்த மதிப்பைத் தேடும் என் நிரல் 37ஆவது சுற்றில் நின்றுவிடுகிறது. மறுபடி ஓட்டினால் மறுபடியும் அதே 37. திரையில் ஒற்றை வரி: லைன் சர்ச் தோல்வி. லைன் சர்ச் என்றால், தேர்ந்த திசையில் எவ்வளவு நீளத்துக்கு அடி வைப்பது என்று பார்க்கும் பகுதி. சரி, ஏன் தோற்றது? மூச்.

மாறிகள் 10 லட்சம். கட்டுப்பாடு எதுவும் கிடையாது, சார்பின் மதிப்பைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் ஆளாளுக்கு யோசனை. "நியூட்டன் முறை போடேன், பத்தே சுற்றில் முடிந்துவிடும்" என்றார் ஒருவர். போடலாம் சார். அதற்கு ஹெஸ்ஸியன், அதாவது இரண்டாம் வகைக்கெழுக்களின் அணி, வேண்டும். என்னுடையதில் பூச்சியங்களே கிடையாது. 10 லட்சத்துக்கு 10 லட்சம் அணியை டபுளில் (ஓர் எண்ணுக்கு 8 பைட்) வைக்க 8 டெராபைட் நீங்கள் தருவீர்களா? அதனால்தானே அந்த அணியை முழுதாக வைக்காமல் தோராயமாகச் சமாளிக்கும் எல்-பிஎஃப்ஜிஎஸ் முறைக்கு வந்தேன். கடைசிப் பத்து அடிகளின் விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு 160 மெகாபைட்டில் ஒப்பேற்றிவிடும். 1980இல் நோசெடல் என்ற ஆய்வாளர் கொடுத்த வழி, இன்றைக்கும் சோறு போடுகிறது.

இன்னொருவர், "உன் கிரேடியன்ட் தப்பு, ஒவ்வொரு மாறியாக அசைத்துச் சரிபார்" என்றார். கிரேடியன்ட் என்பது ஒவ்வொரு மாறியின் திசையிலும் சார்பின் சாய்வு. சார்பை ஒருமுறை கணக்கிட 2 விநாடி. 10 லட்சம் தடவை என்றால் 23 நாள்! 100 மாறிகள் உள்ள குட்டி வடிவத்தில் சோதித்தேன். கச்சிதமாக இருந்தது. அப்படியும் சந்தேகம் விடாமல் மூன்று நாள் நிரலை வரிவரியாகத் தடவிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் லைன் சர்ச்சுக்குள்ளேயே புகுந்து எல்லாவற்றையும் அச்சிட்டுப் பார்த்தேன். அடியைப் பாதி பாதியாகக் குறைத்து 20 தடவை முயன்றிருக்கிறது, பாவம். 20 தடவையும் மதிப்பு 10000000. இம்மி நகரவில்லை. எல்லாவற்றையும் டபுளில் கணக்கிட்டுவிட்டு, விடையைத் திருப்பி அனுப்பும் இடத்தில் மட்டும் சிங்கிள் பிரிசிஷன், ஏழெட்டு இலக்கம்தான் தாங்கும்! ஒரு கோடியில் அதற்கு அடுத்தடுத்த எண்களின் இடைவெளியே 1. உண்மையில் 0.3 இறங்கியிருந்தாலும் அதன் கண்ணில் படாது. குட்டி வடிவத்தில் மதிப்பும் குட்டி என்பதால் அங்கே இது தலைகாட்டவே இல்லை.

புது முறை கண்டுபிடித்தேன் என்று கட்டுரை எழுதுகிறவர்கள் ரோசன்பிராக் என்ற சின்னச் சோதனைச் சார்பில் ஓட்டிக்காட்டிவிட்டுப் போகிறார்கள். அதன் வழக்கமான தொடக்கப் புள்ளியில் மதிப்பே 24.2. அங்கே யாருக்கு இந்தத் தலைவலி வரப்போகிறது?

அந்தச் சிங்கிளை டபுளாக்க ஒரே ஒரு சொல்லை மாற்றினேன், 37ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அடியின் நீளம், சாய்வு, பழைய மதிப்பு, புது மதிப்பு, நான்கும் அந்த லைன் சர்ச்சின் கையிலேயே இருந்தன. அச்சிட்டுத் தொலைக்க என்ன கேடு?