அந்த ரோபோ சாகவில்லை

காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி மறுபடியும் அந்த வீடியோவைப் போட்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு பெரிய இயந்திரக் கை. தரையில் ரத்தம் மாதிரி ஏதோ பரவ, அதை வழித்து வழித்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பின்னணியில் புல்லாங்குழல். "தன் உயிர்த் திரவம் ஒழுகாமல் காக்கப் போராடி 2019இல் இறந்த ரோபோ. நாமும் இப்படித்தானே?" கீழே வரிசையாக அழுகை எமோஜி.

பதினோரு வருஷமாகக் கார் ஆலையில் இந்த மாதிரிக் கைகளுக்கு மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். உயிர்த் திரவம் என்று ஒன்றும் அதில் கிடையாது. கூகா என்ற ஜெர்மன் கம்பெனியின் கை அது. மூட்டுக்கு மூட்டு மின்சார மோட்டார். கரண்ட் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். கசிந்தால் மூட்டில் கிரீஸ் கசியும். அதையும் நாங்கள்தான் வேஸ்ட் துணியால் துடைக்க வேண்டும்.

அந்தச் சிவப்பு, தண்ணீரில் செல்லுலோஸ் ஈதர் போட்டுக் கொழகொழப்பாக்கிச் சாயம் கலந்தது. பெய்ஜிங்கைச் சேர்ந்த சுன் யுவான், பெங் யு என்ற இரு கலைஞர்கள் 2016இல் நியூயார்க் கூகன்ஹைம் அருங்காட்சியகத்துக்காகச் செய்த படைப்பு. 2019இல் இத்தாலியில் நடக்கும் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் வைத்தார்கள். நவம்பரில் கண்காட்சி முடிந்தது, நிறுத்தினார்கள். இதுதான் அந்த "மரணம்".

சரி, பொய்க்கதை போகட்டும். என் வருத்தம் வேறு. அது தன் ரத்தத்தை அள்ளவில்லை, காவல் காக்கிறது. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். திரவம் குறித்த எல்லையைத் தாண்டினால் கை சுழன்று வந்து உள்ளே தள்ளும். கொழகொழப்பாக இருந்தாலும் திரவம்தானே, மறுபடி பரவும். வேகமாக வழிக்க வழிக்கச் சுவரெல்லாம் தெறிக்கும். எல்லைகளைக் காப்பதில் உள்ள வன்முறையை அந்தக் கறைகள் நினைவூட்டுவதாக அருங்காட்சியகக் குறிப்பே சொல்கிறது. அதாவது, அந்தக் கை எல்லைக் காவலன். அடித்து உள்ளே தள்ளப்படுவது கீழே கிடக்கும் சிவப்பு. நாம் கண்ணீர் விடுவதோ காவலனுக்காக!

சித்தியைக் குறை சொல்லவும் முடியவில்லை. அந்தக் கலைஞர்கள் பொறியாளர்களோடு சேர்ந்து கைக்கு 32 அசைவுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நடுவில் நின்று சொறிந்துகொள்ளும், குனிந்து உலுக்கும். பார்க்கிறவன் மனசு இளகும் என்று தெரிந்தேதான் அதைச் செய்திருக்க வேண்டும். எங்கள் லைனிலும் வெல்டிங் கை ஒன்று பாதியில் தூக்கியபடி நின்றுவிட்டால், "இவனுக்கு இன்னைக்கு மூடு சரியில்லை" என்றுதான் சொல்வோம். என்னைப் பொறுத்தவரை, இந்தப் படைப்பின் கெட்டிக்காரத்தனமே அங்கேதான். மோட்டாரும் கேமராவும் வைத்து நம் இரக்கம் யார் பக்கம் சாயும் என்று சோதித்துவிட்டார்கள். புல்லாங்குழல் போட்டவருக்கு அது தெரியவில்லை.

இதையெல்லாம் குழுவில் டைப் செய்து போட்டேன். "சரிப்பா, ஆனாலும் பார்க்கப் பாவமா இருக்குல்ல?" என்று கேட்டார் சித்தி. இன்னும் பதில் போடவில்லை.