உள்விட்டம்

வளர்மதி: தம்பி, எதுக்கு இவ்வளவு பெரிய கட்டையைத் தூக்கிட்டு வர்றீங்க?

சுந்தர்: நீங்க கேட்டதுதான்க்கா. "மோதிரம் செய்ய உள்விட்டம் கொண்டு வாங்க"ன்னு செய்தி அனுப்பியிருந்தீங்களே. தாழ்வாரத்துல இருந்தது வெளிவிட்டம், அதைத் தொடவே இல்ல. கூடத்துக்கு உள்ள இருந்ததைத்தான் அறுத்தேன்.

வளர்மதி: மில்லிமீட்டர்லன்னும் எழுதியிருந்தேன்.

சுந்தர்: ஆயிரம் மில்லிமீட்டர். அளந்து பார்த்துக்குங்க.

வளர்மதி: நான் கேட்டது மோதிரத்தோட உள் ஓட்டை இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் எவ்வளவுன்னு. பள்ளிக்கூடத்துல வட்டத்துக்கு விட்டம் சொல்லித் தரலையா?

சுந்தர்: தந்திருப்பாங்க.

வளர்மதி: நீங்க அன்னைக்கும் விட்டத்தைப் பார்த்துட்டுதான் உட்கார்ந்திருப்பீங்க.

சுந்தர்: விடுங்கக்கா. இதுலயே மோதிரம் செஞ்சிடலாம்ல? தாத்தா வீட்டு விட்டம். அறுபது வருஷமா ஒரு குடும்பத்தையே தாங்கியிருக்கு. அர்த்தத்தைப் பாருங்க!

வளர்மதி: அறுபது வருஷம் தாங்குனதை அறுத்துட்டு வந்திருக்கீங்க. இப்ப வீட்டை யார் தாங்குறா?

சுந்தர்: இடிக்கப்போற வீடுதான்க்கா.

வளர்மதி: கொடுங்க பார்ப்போம். தேக்கு. முதல்ல காந்தம் வச்சு முழுக்கத் தடவணும். பழைய மரத்துல தலை போன ஆணி ஒண்ணாவது உள்ள இருக்கும், என் ரம்பத்துப் பல்லு போயிடும். ம்... இந்தப் பக்கம் செல்லு அரிச்சிருக்கு.

சுந்தர்: அதுவும் வரலாறுதானேக்கா.

வளர்மதி: வரலாறு இல்ல, ஓட்டை. உள்விட்டம் எவ்வளவு?

சுந்தர்: எனக்கு அவ மேல இருக்கற அன்புக்கு அளவே இல்ல.

வளர்மதி: விரலுக்கு இருக்கும்.

சுந்தர்: என் சுண்டுவிரல் மாதிரின்னு வச்சுக்குங்களேன். இல்லன்னா ஒண்ணு பண்றேன், அவ தூங்கும்போது நூலால சுத்தி அளந்துட்டு வந்துடறேன்.

வளர்மதி: நூல் இழுபடும். சுற்றளவுல இரண்டரை மில்லிமீட்டர் தப்பினா அமெரிக்கக் கணக்குல மோதிரம் ஒரு சைஸ் மாறிடும். ஆறு மில்லிமீட்டர் அகலத்துக்குக் காகிதம் கத்தரிச்சு சுத்தணும், அதுவும் சாயங்காலம். குளிர்ற காலைல விரல் சுருங்கியிருக்கும், அந்த அளவுக்குச் செஞ்சா ராத்திரி சோப்புப் போட்டுக் கழற்றணும். அகலமான பட்டைன்னா இன்னும் அரை சைஸ் கூட்டி வைக்கணும். மர மோதிரத்தை அப்புறம் தட்டிப் பெருசாக்க முடியாது. உள்ள உப்புத்தாள் போட்டுக் கொஞ்சம் தேய்க்கலாம், அவ்வளவுதான். சின்னதாக்க வழியே இல்ல.

சுந்தர்: ஒரு மோதிரத்துக்கு இவ்வளவு பேச்சாக்கா? ஒரு துண்டு வெட்டி நடுவுல ஓட்டை போட்டா முடிஞ்சது.

வளர்மதி: போடலாம். ரெண்டு இடத்துல உடையும். எங்கெங்கன்னு இப்பவே பென்சில்ல குறிச்சுத் தரட்டுமா?

சுந்தர்: ஜோசியமா?

வளர்மதி: மரத்தோட நார் ஒரே திசையிலதான் ஓடும். பலகையில வட்டமா வெட்டினா எதிரெதிரா ரெண்டு இடத்துல நார் குறுக்கால வந்துடும். அங்க இரண்டு மில்லிமீட்டர் நீள நாரை நம்பித்தான் மோதிரம் நிக்கணும். கதவுல ஒரு இடி பட்டா போச்சு. அதனாலதான் பட்டையா சீவிச் சுத்துறது. அரை மில்லிமீட்டர் தடிப்பு, பத்து மில்லிமீட்டர் அகலம், முப்பது சென்டிமீட்டர் நீளம். கொதிக்கிற தண்ணில போட்டு, வளையற பதம் வந்ததும் எடுத்து, குழாயில இறுக்கிச் சுத்தி, ரப்பர் பேண்டு போட்டு ஒரு நாள் காய விடணும். அப்புறம் பிரிச்சு, ரெண்டு முனையையும் ஒண்ணுமில்லாம போற வரைக்கும் சாய்வாத் தேய்க்கணும். அதைச் செய்யலன்னா உள்ள ஒரு படி நிக்கும், நாள் பூரா விரலை உறுத்தும். அதுக்குப் பிறகு பசை தடவி மறுபடி சுத்தணும். நார் விரலைச் சுத்தியே ஓடும், குறுக்கால எங்கயும் வராது.

சுந்தர்: அப்ப ஒரு மீட்டர் விட்டத்துல எனக்கு வேண்டியது...

வளர்மதி: ஒரு சீவல்.

சுந்தர்: பேருந்துல ரெண்டு பேர் தலையில இடிச்சுக் கொண்டு வந்தேன்க்கா.

வளர்மதி: தேக்குல இன்னொரு தொல்லை இருக்கு. மரத்துலயே எண்ணெய் உண்டு, பசை சரியாப் பிடிக்காது. ஒட்டுறதுக்குச் சற்று முன்னாடி அசிட்டோனால துடைக்கணும். எல்லாம் முடிஞ்சதும் மேல சூப்பர் க்ளூவை மெல்லிசா எட்டுப் பத்து கோட் கொடுத்து மெருகேத்தினா கண்ணாடி மாதிரி மின்னும். ஆமா, அவங்க என்ன வேலை பார்க்கறாங்க?

சுந்தர்: வேலைக்கும் மோதிரத்துக்கும் என்ன சம்பந்தம்? அழகு நிலையத்துல இருக்கா. நாள் பூரா நகப்பூச்சு போடுறது, அழிக்கிறது.

வளர்மதி: எதை வச்சு அழிக்கிறாங்க?

சுந்தர்: பஞ்சு வச்சு.

வளர்மதி: பஞ்சுல என்ன?

சுந்தர்: ஏதோ மணமா இருக்கும்.

வளர்மதி: அசிட்டோன், தம்பி. சூப்பர் க்ளூவைக் கரைக்கிறதே அதுதான். உங்க அன்புச் சின்னம் ரெண்டே நாள்ல பிசுபிசுன்னு வெள்ளையாப் பூத்துடும். வாடிக்கையாளர் விரல்ல ஒட்டிக்கிட்டே போனாலும் போகும்.

சுந்தர்: சரி, மரமே வேணாம். உடையவே உடையாத ஏதாவது சொல்லுங்க. எங்க உறவு மாதிரி.

வளர்மதி: டங்ஸ்டன் கார்பைடு. அரத்தால தேய்ச்சாலும் கீறல் விழாது.

சுந்தர்: அர்த்தம்னா இது அர்த்தம்!

வளர்மதி: இருங்க. விரல் வீங்கிப்போனா ஆஸ்பத்திரில மோதிரம் வெட்ட ஒரு சின்னச் சக்கரம் வச்சிருப்பாங்க. தேயறது சக்கரமாத்தான் இருக்கும். கடைசில பூட்டுற குறடு மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குவாங்க, பட்டுன்னு நொறுங்கும். கீறல் விழாததும் உடையாததும் ஒண்ணு இல்ல. கண்ணாடியும் லேசுல கீறாது, கீழ போட்டுப் பாருங்க.

சுந்தர்: அப்ப அது உறவு மாதிரியா, இல்லையா?

வளர்மதி: அதை அவங்ககிட்டதான் கேட்கணும். அப்படியே அளவையும் கேளுங்க.

சுந்தர்: விண்கல்லு! அதுலயும் மோதிரம் செய்றாங்களாம்ல. வானத்துலேர்ந்தே விழுந்தது. இதுக்கு மேல அர்த்தம் ஏது?

வளர்மதி: நமீபியாவுல கிடைச்ச கிபியான் விண்கல்லுல செய்வாங்க. பல லட்சக்கணக்கான வருஷம் மெதுவா ஆறினதால உள்ள குறுக்கும் நெடுக்குமாக் கோடு ஓடும், நீர்த்த நைட்ரிக் அமிலத்துல முக்கினா அது தெரியும். உருக்கி வார்த்தா அந்தக் கோலம் அழிஞ்சுடும். அதனால வெட்டித்தான் செய்யணும். அழகுதான், ஆனா பெரும்பகுதி இரும்பு. கை கழுவிட்டுத் துடைக்காம விட்டா துரு பிடிக்கும். அப்பப்ப எண்ணெய் போடணும். மிச்சத்துல முக்கால்வாசிக்கு மேல நிக்கல். அவங்க காது எப்படி?

சுந்தர்: நல்லாக் கேட்கும்.

வளர்மதி: மலிவான கம்மல் போட்டா அரிக்குமா?

சுந்தர்: அதையேன் கேட்கறீங்க, காதுமடல் சிவந்து தண்ணி வடியும். எப்பவும் புலம்புவா.

வளர்மதி: அது பெரும்பாலும் நிக்கல் ஒத்துக்காததுதான். வானத்துலேர்ந்து விழுந்த அரிப்பை விரல்ல மாட்டிவிடப் போறீங்களா? இங்க வர்றவங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு மூட்டை அர்த்தம் தூக்கிட்டு வர்றாங்க தம்பி. மோதிரம் போட்டுக்கறவங்க விரலை மட்டும் யாரும் பார்த்துட்டு வர்றதில்ல. அவங்க சொல்றது உங்க காதுல விழுதா இல்லையா? போன் போடுங்க.

சுந்தர்: (போனில்) மீனா, உன் உள்விட்டம் என்ன?... ஐயோ, திட்டாத. கட்டை இல்ல, விரல்... அனுப்பிட்டியா? எப்ப?... போன வாரமா? 17.3ன்னா?... சாயங்காலம், காகிதம் சுத்தி, மூணு தடவை... சரி. சரிம்மா. (வைத்துவிட்டு) அக்கா, 17.3.

வளர்மதி: போன வாரமே வந்துடுச்சா?

சுந்தர்: "விட்டம் 17.3"ன்னு வந்துச்சுக்கா. வீட்டு விஷயம்னு நினைச்சு, இடிக்கற மேஸ்திரிக்கு அனுப்பிட்டேன். அதான் அவர் அடியா அங்குலமான்னு மூணு நாளாக் கேட்டுட்டிருந்தார்.

வளர்மதி: மோதிரம் பத்தி என்ன சொன்னாங்க?

சுந்தர்: வேலைக்குப் போட்டுட்டுப் போறாப்ல இருக்கணுமாம். அரிக்கக் கூடாதாம். தாத்தா வீட்டு மரம்னா ஆசைதானாம்.

வளர்மதி: மூணே வரியில முடிச்சுட்டாங்க பாருங்க. டைட்டானியத்துல ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கு உள்வளையம் கடையறேன். சுத்த டைட்டானியத்துல நிக்கல் கிடையாது. அதோட வெளிவிட்டம் 19.3 வரும்.

சுந்தர்: வெளிவிட்டமா? தாழ்வாரத்துல இருந்தது...

வளர்மதி: வாயை மூடுங்க. அது மேல தேக்குப் பட்டையை மூணு சுத்து, சூப்பர் க்ளூவுக்குப் பதில் எபாக்ஸி, ரெண்டு பாகமா வர்ற பசை. கண்ணளவுல கலந்தா இறுகாம ஒட்டிக்கிட்டே கிடக்கும், அதனால தராசுல வச்சுத்தான் கலப்பேன். முழுசா இறுக ஒரு வாரம் விடணும். அசிட்டோன் துடைப்புக்கு அசையாது. ஊற வச்சா இளகும். மேல எண்ணெயும் மெழுகும்தான், மின்னாது. மங்கிப்போனா அவங்களே துணியால தடவிக்கலாம். சரிதானே?

சுந்தர்: சரிக்கா. அப்ப மிச்ச விட்டம்?

வளர்மதி: எடுத்துட்டுப் போங்க. போறப்ப குறுக்கால பிடிக்காதீங்க, என் வாசல் எண்பது சென்டிமீட்டர்தான்.

சுந்தர்: உள்விட்டமா, வெளிவிட்டமா?